உப்புக் கை

சாட்சி சொல்ல வந்தவள் சாந்தமாகப் பேச வேண்டும் என்பார்கள். என்னால் முடியாது. இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் உடம்பு பற்றி எரிகிறது. ஆனால் மாதா செய்த உபகாரத்தை மறைத்தால் நான் நன்றி கெட்டவள். அதனால் கோபத்தோடேயே சொல்கிறேன், கேளுங்கள்.

என் பெயர் பிலோமினா. எழுபதுகளின் நடுவில் மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டி டிரான்சிஸ்டர் ரேடியோ செய்யும் கம்பெனி ஒன்று நடந்தது. அதில் ஆள் எடுக்கும் வேலை எனக்கு. பொடிப்பொடிச் சாமான்களை ஈயம் வைத்துப் பற்றவைக்க மெல்லிய விரல் வேண்டும், பெண்பிள்ளைகளாகப் பார்த்துக் கூட்டி வா என்றார்கள். வீடு வீடாகப் போனேன். அப்பா அம்மாவோடு உப்பு வாரிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு, "கைய நீட்டு, பாப்போம்" என்பேன். எங்கள் மாதா கோயில் பிள்ளைகளும் வந்தார்கள், கடலோரக் குப்பத்துப் பிள்ளைகளும் வந்தார்கள். நான் முதலில் எடுத்தது செங்கேணியை. "உன்ன நம்பித்தாம்மா அனுப்பறேன்" என்று அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச காலம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ரேடியோ விற்கவில்லை. பம்பாய் முதலாளி மூடச் சொல்லிவிட்டார். மூடுவது அவர் இஷ்டம். வியாபாரம் இல்லை, ஆட்குறைப்பு என்று நேர்மையாகச் சொல்லியிருந்தால் நானும் அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். இவர்கள் செய்ததைக் கேளுங்கள். ஐப்பசி மழையில் உப்பளமெல்லாம் தண்ணீர் நின்று, ஊரில் ஒருவருக்கும் வேலை இல்லாத நேரம் பார்த்து மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"ரேடியோ எல்லாம் உள்ள துருப்புடிச்சித் திரும்பி வருது. உப்பளத்துப் பொண்ணுங்க கையில உப்பு ஊறிப் போயிருக்குது. தொட்டதெல்லாம் துரு. அதனாலதான் நிறுத்தறோம்னு நீயே சொல்லிடு. நீ இட்டாந்த ஆளுங்கதானே?"

அவர் கணக்கு எனக்குப் புரிந்தது. ஆட்குறைப்பு என்றால் கம்பெனி நஷ்டஈடு தர வேண்டும். குற்றம் பிள்ளைகள் மேல் என்றால் வெறுங்கையோடு விரட்டலாம். பாண்டிச்சேரியில் இதே மாதிரி இன்னொரு கம்பெனி ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. உப்புக் கை என்று பெயர் வாங்கிக்கொண்டு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அடப்பாவிகளா, சோற்றைப் பிடுங்கியது போதாதென்று பேரையும் பிடுங்குவீர்களா?

"நான் சொல்ல மாட்டேன் சார்."

"அப்ப உனக்கும் வேலை இல்ல."

"இல்லாட்டிப் போவுது" என்று வெளியே வந்துவிட்டேன்.

அவரே வாசலில் நின்று சொல்லிவிட்டார். பொழுது சாய்வதற்குள் ஊரெல்லாம் அதே பேச்சு. செங்கேணி என் வீட்டுக்கு வந்தாள். இரண்டு கையும் சிவந்து கன்றிப் போயிருந்தன.

"அக்கா, சோப்புப் போட்டு நல்லாத் தேச்சிட்டேன். இன்னும் நாலு நாள் தேச்சிட்டு வந்தா சேத்துக்குவாங்களா?"

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

மறுநாள் கடலூர் லேபர் ஆபீசுக்கு மனு எழுதிப் போட்டுவிட்டு நேரே கோயிலுக்குப் போனேன். உச்சிப் பொழுது. மண்டியிடவில்லை, மெழுகுவர்த்தி ஏற்றவில்லை. மாதா சுரூபத்துக்கு முன்னால் நின்று கத்தினேன்.

"நீ பாத்துக்கினுதானே இருக்கற? எனக்கு வேலை வேணாம். அந்தப் புள்ளைங்க கையில குத்தம் இல்லன்னு நீ காட்டு. காட்டலன்னா இந்தப் பக்கமே நான் தலை வச்சுப் படுக்க மாட்டேன்!"

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை ஓடி வந்தார். "ஏம்மா, மாதாவுக்குக் காது நல்லாத்தான் கேக்குது. மெதுவாப் பேசு."

"கேக்குதுன்னா பதில் சொல்லச் சொல்லுங்க!" என்று அவர் மேலும் பாய்ந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

அந்த வாரமே லேபர் ஆபீசர் வந்தார். நல்ல கனத்த உடம்பு. அதற்குள் மேனேஜர் மேஜை நாற்காலியெல்லாம் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டிருந்தார், அவ்வளவு அவசரம். கிடங்கில் மிச்சம் இருந்தது பம்பாயிலிருந்து வந்து பிரிக்காமலே கிடந்த சாமான் பெட்டிகள்தான். அதில் ஒன்றை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சார்" என்றார். துருப்பிடித்த ரேடியோவைத் திறந்து காட்டி, உப்புக் கை மகிமையை விளக்க ஆரம்பித்தார். நானும் பிள்ளைகளும் தூறலில் கிடங்கு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். நான் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டேன்.

படாரென்று ஒரு சத்தம். பெட்டி உடைந்து ஆபீசர் உள்ளே உட்கார்ந்துவிட்டார். கைகொடுத்துத் தூக்கினால், கூடவே திருகாணியும் தகடும் கொட்டின. அத்தனையும் செக்கச்செவேலென்று துரு. ஆபீசருடைய வெள்ளை பேண்ட்டின் பின்பக்கம் முழுக்கத் துரு.

அவர் கோபமாகப் பேண்ட்டைத் தட்டினார். அப்புறம் தட்டுவதை நிறுத்திவிட்டுப் பெட்டியைக் குனிந்து பார்த்தார்.

"சீல் வச்சது வச்சபடியே இருக்குது. இதை எந்தப் பொண்ணுய்யா தொட்டுது?"

கதவில்லாத ஜன்னல் வழியாகக் கடல்காற்று அந்தப் பெட்டிகள் மேல்தான் வீசிக்கொண்டிருந்தது. செங்கேணிதான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தோம், அழுதோம்.

கம்பெனி மூடியது மூடியதுதான். ஆனால் ஆட்குறைப்பு என்று சொல்லி, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து மூடியது. செங்கேணியையும் இன்னும் பல பேரையும் பாண்டிச்சேரி கம்பெனி எடுத்துக்கொண்டது. சிலர் தை பிறந்ததும் உப்பளத்துக்கே போனார்கள், தலை நிமிர்ந்து போனார்கள். மேனேஜர் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. அவரை மன்னித்துவிடு என்று சொல்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அது ஆண்டவரும் நானும் பேசிக்கொண்டிருக்கும் விஷயம்.

நாற்காலியை அப்புறப்படுத்தியது மேனேஜரின் அவசரம் என்பீர்கள். நான் மாதா என்பேன். அதற்கு முன்னால் செபமாலையை உருட்டிக்கொண்டே அடுப்பில் வைத்த குழம்பை நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அன்று முதல் மாதாவிடம் பேசுகிறேன், சண்டையும் போடுகிறேன்.

நன்றிப் பூசைக்குக் குப்பத்துப் பிள்ளைகளும் வந்தார்கள். செங்கேணி காணிக்கையாக இரண்டு கை நிறைய உப்பு ஏந்தி வந்தாள். பங்குச் சாமியார் தட்டை நீட்டவில்லை. அவள் உள்ளங்கையிலிருந்தே ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்து, "நல்ல உப்பும்மா" என்றார்.

உங்களுக்கும் அநியாயம் நடந்தால் மாதாவிடம் வாருங்கள். அழகான வார்த்தை தேட வேண்டாம், கோபம் ஆறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டும் வர வேண்டாம். அப்படியே வாருங்கள்.