திருநீறு போட்டு மினுக்கிய புதையல்

காலை 9.40. ஹரோ நிலையத்தில் மெட்ரோபொலிட்டன் ரயில் ஏறினோம். லண்டன் நடுவுக்குப் பத்து மைல். என் மடியில் பழைய ஐஸ்கிரீம் டப்பா. அதற்குள் பஞ்சில் சுற்றிய பதினொரு வெள்ளிக் காசுகள், ஒரு தங்க மோதிரம், மடிந்துபோன வெள்ளித் தகடு. எல்லாம் ஆங்கிலோ-சாக்சன் காலத்தவை. பன்னிரண்டு நாட்களுக்கு முன், கிழக்கே பார்க்கிங் என்ற ஊருக்கு அப்பால் ஒரு வயலில், விவசாயியிடம் கேட்டுக்கொண்டு என் கணவர் உலோகம் தேடும் மெஷினால் கண்டெடுத்தார். பதினான்கு நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

எனக்குப் பயம் சட்டத்தால் அல்ல. மண்ணோடு கறுத்துக் கிடந்ததை நான் சும்மா விட்டேனா? வெள்ளிச் செம்பை மினுக்குவதுபோலத் திருநீறு போட்டுத் தேய்த்து, சாமித்தட்டில் பளபளவென்று அடுக்கிவிட்டேன். தகட்டையும் குறட்டால் நிமிர்த்தப் போனேன். அவர்தான் பறித்துக்கொண்டார்.

“உமக்கு ஆர் மினுக்கச் சொன்னது?” வெம்பிளி தாண்டியும் அதே கேள்வி.

“ஊத்தையோட சாமிக்கு முன்னால வைக்க ஏலுமே? சும்மா இருங்கோ, ஆக்கள் பாக்கினம்.”

வாய்தான் பேசியது. கை டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடியது.

10.30. அருங்காட்சியகத்தின் பின்பக்க அறை. பெண் அதிகாரி ஒருத்தி கையுறையோடு காசுகளைத் திருப்பிப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

“யார் தேய்த்தது?”

“நான்தான்.”

“எதில் சுற்றி, எப்படிப் புதைத்தார்கள் என்பதெல்லாம் அந்த அழுக்கில்தான் இருந்தது. இவற்றில் இனித் தெரியாது.”

கணவர் என் பக்கம் திரும்பவேயில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆயிரம் வருடத்துக்கு மேல் மண் காத்ததை அரை மணி நேரத்தில் அழித்தவள் நான்.

கடைசியாகத் தகடு. பூதக்கண்ணாடியால் மடிப்புக்குள் பார்த்தாள். பிறகு கண்ணாடியை என்னிடம் தந்தாள். உள்ளே மண்ணோடு ஒட்டிய நூல்கள், நெய்த துணியின் ஓரம்.

“கொள்ளைப் பொருளாக இருக்கலாம். தெய்வத்துக்குக் காணிக்கையாகவும் இருக்கலாம்,” என்றாள்.

“இல்லை. திரும்பி வந்து எடுக்க நினைத்த ஆள்தான் துணியில் சுற்றும்,” என்றேன். “போரில் ஊரைவிட்டு இடம்பெயர்ந்த அன்று நானும் நாலு காப்பைச் சட்டைத்துணியில் சுற்றிக் கிணற்றடியில் புதைத்தேன்.”

“போய் எடுத்தீர்களா?”

“இல்லை.”

“இவர்களும் எடுக்கவில்லை,” என்றாள் மெதுவாக. நான் சொன்னதையும் குறித்துக்கொண்டாள்.

12.15. திரும்பும் ரயில். வெற்று டப்பா மடியில். வெம்பிளியில் கணவர் வாய் திறந்தார்.

“நாலு காப்போ? சொல்லவே இல்லையே. மெஷினைக் கொண்டு ஒருக்காப் போவமே?”

“கிணத்தை மூடி ஆரோ வீடு கட்டிப்போட்டினம். ஆர் கண்டெடுத்தாலும் பரவாயில்லை, மினுக்காமல் விட்டால் போதும்.”