அறுந்த ஒயர் கன்ட்ரோலரும் இரண்டு விசிலும்

கடலூர் – சிதம்பரம் தடத்தில் ஓடும் ஒரு தனியார் பேருந்தில் டிக்கெட்டோடு வீடியோ கேம் செய்தியும் கிடைக்கும். தருகிறவர் கண்டக்டர் ஆரோக்கிய ஜெகன். மஞ்சக்குப்பத்துக்காரர், வயது முப்பத்தாறு. கடலூரில் ஏறிய கல்லூரிப் பிள்ளைகள் ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள், எந்தக் கேம் மறுபடியும் தள்ளிப்போனது, எந்தக் கன்ட்ரோலரில் ஸ்டிக்கைத் தொடாமலே திரையில் ஆள் தானாக நகர்கிறான் என்பதெல்லாம் அவர்கள் காதுக்குப் போய்விடும்.

செய்தி சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறவர் அல்ல அவர். ஒவ்வொன்றுக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. மேப் பெரியதாக இருந்தால் கேம் பெரியது ஆகிவிடாது என்பார். நம்முடைய தடம் சின்னதுதான், ஆனால் நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஒரு ஆள் ஏறி ஒரு கதை சொல்கிறான், அந்த மாதிரி கேம் எத்தனை இருக்கிறது என்று கேட்பார். கேம் தள்ளிப்போனதற்காகக் கம்பெனியைத் திட்டுகிற பிள்ளைகளை அவருக்குப் பிடிக்காது. லேட்டாக எடுத்தாலும் பஞ்சர் இல்லாமல் போய்ச் சேருகிற வண்டிதான் வண்டி என்பது அவர் கட்சி. இதைச் சொல்லும்போது டிரைவர் ஹபிபுல்லா கண்ணாடியில் பார்த்து முறைப்பார். லேட் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. ஆனால் ஜெகன் இரண்டு விசில் கொடுக்காமல் வண்டியை ஓர் அங்குலம் நகர்த்தவும் மாட்டார். ஒன்று நிற்க, இரண்டு புறப்பட. பின்படியில் யார் தொங்குகிறார்கள் என்பது கண்டக்டருக்குத்தான் தெரியும் என்பது அவர் சொல்லும் காரணம்.

ஜெகனை எதிர்த்துப் பேசுகிற ஒரே பயணி அம்ரீன். பரங்கிப்பேட்டைப் பெண். பி.முட்லூரில் ஏறிப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவள். ஷார்ஜாவில் இருக்கும் அண்ணன் வாங்கி அனுப்பிய பிளேஸ்டேஷனில் தினமும் கால்பந்து கேம் ஆடுகிறவள். இருவருக்கும் ஒரு வருடமாக நடந்த சண்டை, கன்ட்ரோலர் கையில் அதிரும் வைப்ரேஷன் பற்றியது. அது பேட்டரியைத் தின்கிற வேலை, அணைத்து வைப்பதே புத்திசாலித்தனம் என்பார் ஜெகன். அது இல்லாவிட்டால் கை செத்துப்போகும் என்பாள் அவள்.

இந்தச் சண்டையை ஒரு நாள் புதுச்சத்திரத்தில் ஏறிய செந்தமிழ்செல்வன் கேட்டுக்கொண்டே வந்தார். சிதம்பரம் மேல வீதியில் மாடியில் கேம் கடை வைத்திருக்கிறவர். இறங்கும்போது ஜெகனின் போன் எண்ணை வாங்கிக்கொண்டார். பொங்கல் விடுமுறையில் கடையில் கால்பந்து கேம் போட்டி, அதற்குத் தமிழில் வர்ணனை செய்ய ஆள் வேண்டும், மைக் உண்டு என்றார். அன்று இரவு ஜெகன் வீட்டில் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். இத்தனை வருடமாக என்ஜின் சத்தத்துக்கு மேலே தொண்டை கிழியக் கத்தியவரை, கேமைப் பற்றிப் பேசு என்று ஒருவர் மைக் கொடுத்துக் கூப்பிட்டிருக்கிறார்.

மறுவாரம் அம்ரீன் தன் போனில் போஸ்டரைக் காட்டினாள். அதில் ஜெகன் படம் இருந்தது. எதிரே அவள் படம். போட்டி தொடங்குமுன் வர்ணனையாளர் ஒரு காட்சி ஆட்டம் ஆடுவார் என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

ஜெகன் தலையை ஆட்டினார். சில்லறை பொறுக்குவதுபோல் பைக்குள் கையை விட்டுக்கொண்டார். வாழ்க்கையில் ஒரு கேம்கூட அவர் ஆடியதில்லை.

பள்ளிக்கூட வயதில் மஞ்சக்குப்பத்தில் ஒரு கேம் கடையில் மற்றவர்கள் ஆட, பின்னால் நின்று பார்த்தவர் அவர். நாற்காலியில் உட்காரக் காசு இல்லை, நிற்பதை யாரும் தடுக்கவில்லை. அங்கேயே, எவன் எங்கே தப்பு செய்தான் என்று சொல்லப் பழகினார். சம்பாதிக்க ஆரம்பித்தபோது கேம் தெரிந்தவர் என்ற பெயர் வந்துவிட்டது, புதிதாகப் பழகப் போய் உட்கார முடியவில்லை. விளையாட வராது என்றால் சொல்லிவிடலாம். விளையாடியதே இல்லை என்பதை எப்படிச் சொல்வது?

வீட்டில் ஒரு கன்ட்ரோலர் மட்டும் இருந்தது. பேருந்தில் யாரோ விட்டுப்போனது, ஒயர் பாதியில் அறுந்தது. தேடி வந்தவர் எவரும் இல்லை. தூக்கிப் போடு என்று பேருந்து முதலாளியே சொன்னபின் ஜெகன் அதை வீட்டுக்குக் கொண்டுபோனார். பெரிய ஆட்டக்காரர்களின் வீடியோவைப் போனில் ஓடவிட்டு, அதைக் கையில் பிடித்து, அவர்கள் ஓட ஓடத் தானும் ஸ்டிக்கைத் தள்ளுவார். மருந்துக்கடையில் வேலை பார்த்துத் திரும்பும் மனைவி சகாய பிரியா பலநாள் இந்தக் கோலத்தைக் கதவருகே நின்று பார்த்திருக்கிறாள்.

“உண்மைய சொல்லிட்டா என்னங்க?” என்றாள் போஸ்டரைப் பார்த்துவிட்டு.

“மைக்க புடுங்கிடுவாங்க பிரியா. பஸ்ஸுல ஏறுறவன்லாம் சிரிப்பான்.”

“வெளையாடத் தெரியாம போய் நின்னா மட்டும் அழுவானுங்களா?”

ஜெகன் மறுநாளிலிருந்து அறுந்த ஒயர் கன்ட்ரோலரில் இன்னும் கொஞ்சம் தீவிரமாகப் பழகினார். விரல்கள் பட்டன்களுக்குத் தாமாகவே போயின. சமாளித்துவிடலாம் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். மாடிப்படிவரை கூட்டம். பாதிப் பேர் பேருந்துப் பிள்ளைகள். செந்தமிழ்செல்வன் கொடுத்த கன்ட்ரோலரில் சிறிய நீல விளக்கு எரிந்தது. ஜெகன் கையில் உயிருள்ள கன்ட்ரோலர் ஏறியது அதுதான் முதல்முறை.

ஆட்டம் தொடங்கியது. ஜெகனுடைய ஆள் நடு மைதானத்தில், பஸ் வராத நிறுத்தத்தில் நிற்பவன்போல் நின்றான். ஜெகன் அவனையே பார்த்தார். அவன் எந்தப் பக்கம் ஓடப்போகிறான் என்று காத்திருந்தார். அவன் ஓடவில்லை. அம்ரீனின் ஆட்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போய் முதல் கோலைப் போட்டார்கள். அடுத்து பந்து தற்செயலாக ஜெகனின் ஆளிடம் வந்தது. அம்ரீன் சறுக்கிவந்து அதைத் தட்டிப் பறித்தாள். கை அதிர்ந்தது. ஜெகன் சட்டென்று சட்டைப்பையில் இருந்த செல்லைத் தொட்டுப் பார்த்தார்.

கூட்டம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்ரீன் மட்டும் அவர் கையைப் பார்த்துவிட்டாள்.

இடைவேளையில் நான்கு கோல் விழுந்திருந்தது. அம்ரீன் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினாள்.

“அண்ணே, செல்லு அடிக்கல. கன்ட்ரோலர்தான் அடிச்சுது.”

ஜெகன் கன்ட்ரோலரைத் திருப்பிப் பார்த்தார்.

“இதுக்கு முன்னாடி வெளையாண்டதே இல்லியா?”

“இல்லம்மா.” இத்தனை வருடம் பயந்த விஷயம் ஒரே சொல்லில் முடிந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

“அப்ப வைப்ரேஷன் வேஸ்ட்டுன்னு ஒரு வருஷமா எங்கூட சண்ட போட்டீங்களே, எத வெச்சு?”

“வூட்ல ஒண்ணு இருக்கு. ஒயர் அறுந்தது. அதுல அடிக்காது.”

அம்ரீன் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து சிரித்தாள். பிறகு சொன்னாள்: “நீங்க அவன் ஓடுவான்னு பாத்துக்கிட்டே இருக்கீங்க. அவன் உங்களத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறான், நம்ம ஹபிபுல்லா மாமா மாதிரி. ரெண்டு விசில் குடுக்காம அவரு வண்டி எடுப்பாரா?”

ஜெகனுக்கு அப்போதுதான் விளங்கியது. வீடியோவில் வேறொருவர் ஓட்டிய ஆளைப் பின்தொடர்ந்தே பழகியது அவர் கட்டைவிரல். ஆள் இடப்பக்கம் திரும்பிய பிறகே விரல் இடப்பக்கம் போகும். இங்கே முதலில் போகவேண்டியது விரல். புறப்படச் சொல்லவேண்டியவர் அவர்.

இரண்டாம் பாதியில் உதட்டுக்குள் இரண்டு விசில் ஊதிக்கொண்டு ஸ்டிக்கைத் தள்ளினார். ஆள் பாய்ந்தான். பாய்ந்தவன் நிற்காமல் கோட்டைத் தாண்டி வெளியே போனான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஜெகனும் சிரித்தார். நிறுத்த ஒரு விசில் உண்டு என்பது நினைவுக்கு வந்தது. அதற்குள் இன்னும் இரண்டு கோல் வாங்கிவிட்டார். ஆட்டம் முடியும் தறுவாயில், ஆளில்லாமல் உருண்ட ஒரு பந்துக்கு அவருடைய ஆள் மற்ற எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தான். ஓங்கி உதைத்தான். பந்து கோல் கம்பத்தில் பட்டுத் தெறித்தது. அந்த அதிர்வு இரண்டு உள்ளங்கையிலும் ஏறி முழங்கைவரை போனது. இந்தமுறை ஜெகன் செல்லைத் தொடவில்லை.

ஆறுக்குப் பூஜ்யம். செந்தமிழ்செல்வன் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினார். பிறகு மைக்கிலேயே, “இன்னிக்கி ஃபார்ம்ல இல்லியாண்ணே?” என்று ஒரு வழி காட்டினார். ஆமாம் என்றால் முடிந்துவிடும்.

ஜெகன் மைக்கை வாங்கினார். “ஃபார்ம்லாம் ஒண்ணும் இல்லீங்க. கேம்ன்றத இன்னிக்கித்தான் மொத மொத கையில புடிக்கிறேன்.”

படிக்கட்டிலிருந்து ஒரு குரல், “அப்ப பஸ்ஸுல வுட்டதெல்லாம்?” என்றது.

“அதெல்லாம் பாத்து சொன்னது. பாத்த வரைக்கும் சரியாத்தான் சொல்லியிருக்கேன். கையில புடிச்சவன் சொல்லவேண்டியது ஒண்ண மட்டும், வெறும் பாத்த நான் தப்பா சொல்லிட்டேன். வைப்ரேஷன் வேணும். என் பேச்ச கேட்டு அணைச்சவுங்கல்லாம் போயி ஆன் பண்ணிக்குங்க.”

முதலில் சிரித்தது அம்ரீன். அதன்பின் அறையே சிரித்தது. அந்தச் சிரிப்பில் ஜெகன் பயந்த கேலி இல்லை.

பொழுது சாயும்வரை வர்ணனை செய்தார். நாற்காலிக்குப் பின்னால் நின்று பழகிய கண், எந்த மூலை ஆளில்லாமல் கிடக்கிறது என்று கோல் விழுவதற்கு முன்பே சொன்னது. இரண்டாவது ஆட்டத்திலேயே ஆடுகிறவர்கள் அவர் குரலுக்குக் காது கொடுக்க ஆரம்பித்தார்கள். அடுத்த போட்டிக்கும் வரவேண்டும் என்று செந்தமிழ்செல்வன் படிவரை வந்து சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை ஹபிபுல்லா, “ஆறு வாங்குனியாமே மச்சான்” என்று வண்டி எடுக்குமுன்பே ஆரம்பித்தார். அன்றைய கேம் செய்தியாக ஜெகன் சொன்னதே தன் தோல்வியைத்தான். தன் ஆள் கோட்டைத் தாண்டி ஓடியதை நடித்துக் காட்டியதில் ஆலப்பாக்கத்தில் இறங்கவேண்டிய ஒருவர் புதுச்சத்திரம்வரை வந்துவிட்டார்.

இப்போது சிதம்பரத்தில் வண்டி நிற்கும் இடைவெளியில் வாரம் ஒருமுறை ஜெகன் மேல வீதிக்கு ஓடுகிறார். அவர் உட்கார்ந்து ஆடுவதற்கென்று பின்வரிசையில் ஒரு நாற்காலி கிடக்கிறது. போன வாரம் திரும்பிவரக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. பயணிகள் உட்கார்ந்தாகிவிட்டது, என்ஜின் ஓடுகிறது, ஹபிபுல்லா கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறார், ஆனாலும் வண்டி நகரவில்லை. ஜெகன் மூச்சிரைக்க ஓடிவந்து பின்படியில் தாவினார்.

“பாய், இன்னிக்கி ஒண்ணு போட்டுட்டேன்” என்றார். பிறகு இரண்டு விசில் கொடுத்தார்.