வாரத்துக்கு விட்ட சேவல்

சிறுவிடை என்ற நாட்டுக்கோழி வளர்ப்பது, "முட்டைக்கா, கறிக்கா?" என்ற ஒரே கேள்விக்கு ஆயுள் முழுவதும் பதில் சொல்லும் தொழில். இரண்டுக்கும் என்றால் யாரும் நம்புவதில்லை. கூண்டுப் பண்ணைக் கோழி அளவுக்கு இது முட்டை இடாது. பிராய்லர் அளவுக்குக் கறியும் இருக்காது. ஆனால் தானே இட்டு, தானே அடைகாத்து, தானே குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மேயும். சேந்தமங்கலத்துப் பக்கம், மலையடிவாரத்தில், ஒரே வர்க்கத்தைப் பதினெட்டு வருடமாகக் கலப்பில்லாமல் காத்து வருகிறேன். பேசத் தெரியாதவன் நான்; எட்டாவதோடு படிப்பும் நின்றுவிட்டது. கோழி வைத்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. நீங்களும் பட்டிருப்பீர்கள்.

வாங்க வந்தவர்

பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் ஒருவர் காரில் வந்து இறங்கினார். வளர்ப்புக்கு இரண்டு பெட்டைகள் வேண்டும் என்றார். கண்ணெதிரே நின்ற கீரி நிறச் சேவலையும் கேட்டார். இனத்துக்கு நிறுத்திய சேவலை நான் கொடுப்பதில்லை என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். பெட்டைகளைக் கொடுப்பதற்கும் எனக்குச் சில விவரங்கள் தெரிய வேண்டும். வீட்டில் வேறு சேவல் இருக்கிறதா, கோழிகள் இரவில் எங்கே அடையும், அடைக்கு உட்கார்ந்த பெட்டையைத் தண்ணீரில் முக்கி எழுப்பிவிடும் பழக்கம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். பெட்டைகளைக் கூடையில் வைத்து மூடும்போது காரில் இருந்த மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "நம்ம புள்ளையப் பொண்ணு பாக்க வந்தவங்ககூட இத்தனை கேக்கலயே."

திரும்பி வந்த பெட்டைகள்

என் கூட்டில் நோய் விழுந்தாலும் வேறு எங்காவது மிச்சம் இருக்கட்டும் என்று இரண்டு வீடுகளுக்குக் கோழிகளை வாரத்துக்கு விட்டிருந்தேன். கோழி என்னுடையது, வளர்ப்பது அவர்கள், பொரிக்கும் குஞ்சுகளில் ஆளுக்குப் பாதி. ஒரு வீடு எங்கள் ஊர் முருகேசனுடையது. மற்றொன்று மோகனூர்ப் பக்கம் கரும்பு வெட்டுக்குப் போகும் பாவாயி அம்மாளுடையது. அவருக்கு இரண்டு பெட்டைகளும், என் கீரிச் சேவலுக்குப் பிறந்த ஒரு சேவலும் கொடுத்திருந்தேன்.

முருகேசனுக்கு ஒரு முட்டைப் பண்ணையில் வேலை கிடைத்தது. அங்கே வேலை செய்கிறவர்கள் வீட்டில் கோழி வைத்திருக்கக் கூடாது. நோயைக் காலில் ஒட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்று பயம், அதில் தப்பில்லை. அவன் என் பெட்டைகளைக் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கிவிட்டு, வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டான். காப்பி குடிக்கக்கூட உள்ளே வரவில்லை. "ஒண்ணும் நெனச்சுக்காதீங்க மாமா, எம் பொண்ணு கோழி போச்சுன்னு வீட்டுல அழுதுட்டு இருக்கறா. நான் திரும்பிப் பாக்காமப் போயிடறேன்."

நொய் மூட்டை

கோடையில் வெள்ளைக் கழிச்சல் நோய் வந்தது. ஊசி போட்டிருந்தும் வந்தது. உங்கள் வீட்டிலும் ஒரு வருடம் இப்படி நடந்திருக்கும்: காலையில் கூட்டைத் திறந்தால் ஒன்று தலையைத் தொங்கப்போட்டு நிற்கும், மறுநாள் எண்ணிக்கை குறைந்திருக்கும், அதற்கடுத்த நாள் எண்ண மனம் வராது. நான் எண்ணினேன். எழுபத்திரண்டில் நான்கு பெட்டைகள் மிஞ்சின. கீரிச் சேவல் கடைசியாகப் போனது. சேவல் என்று என் கூட்டில் ஒன்றும் இல்லை.

வேலியோரம் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடிவிட்டு வந்து கை கழுவினேன். என் மனைவி உள்ளே சுவரோரம் நின்றிருந்த தீனிச் சாக்கைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நேத்துத்தான் ஒரு மூட்டை நொய்யி வாங்கிப் போட்டேன். அதை இனி யாருக்குப் போடறதுங்க?"

சந்தையில்

இரண்டு மாதம் கூட்டை ஆறப்போட்டுச் சுண்ணாம்பு அடித்தேன். சேவல் ஒன்று வாங்கி விடுங்கள் என்று எல்லோரும் சொன்னதால் சந்தைக்குப் போனேன். வியாபாரி ஒரு சேவலைத் தூக்கிக் காட்டினார். நிறம் கீரிதான். ஆனால் கால் கனத்து, மஞ்சள் பாய்ந்து, எலும்பு பெரிதாக இருந்தது. எங்கோ பண்ணைக் கோழி கலந்திருக்கிறது. ஒரு தலைமுறை கலந்துவிட்டால், அப்புறம் பிரித்தெடுக்க முடியாது. நான் காலைத் தடவிப் பார்த்துவிட்டுக் கீழே விட்டேன். மறுபடி எடுத்துப் பார்த்தேன். மறுபடியும் விட்டேன். அவர் பீடியை அணைத்துவிட்டுக் கேட்டார்: "கூவுது, கொண்டை இருக்குது. இதுக்கு மேல ஒரு சேவல் என்னங்க பண்ணோணும்?"

நேர்ந்துகொண்டது

இனி என் சேவலின் வாரிசு என்று இருப்பது பாவாயி வீட்டில் மட்டும்தான். பஸ் ஏறிப் போனேன். அவர் மகன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனவன். குழாய் விழுந்து கால் நசுங்கி, அங்கேயே ஆஸ்பத்திரியில் கிடந்தான் என்று கேள்விப்பட்டிருந்தேன். நான் போனபோது அவன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ஊன்றுகோல் பக்கத்தில் சாய்த்திருந்தது. பெட்டைகள் இரண்டும் களத்தில் மேய்ந்தன. சேவலைக் காணோம்.

மகன் தன் காலால் நடந்து வீடு வந்தால் சேவல் அறுக்கிறேன் என்று பாவாயி முனியப்பனுக்கு நேர்ந்திருக்கிறார். அவன் வந்துவிட்டான். நான்கு நாளைக்கு முன்னால் அறுத்தாகிவிட்டது. என் வீட்டுச் சங்கதியைக் கேட்டதும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. உங்களுடைய பொருளை உங்களைக் கேட்காமல் கொடுத்துவிட்டேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன் என்று சொல்ல நினைத்தபடி கட்டிலில் இருந்த கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு, பெட்டைகள் முட்டை இடுகின்றனவா என்று கேட்டேன். இரண்டும் இடுகின்றன என்றார். சேவல் கடைசி நாள்வரை அவற்றோடுதான் திரிந்ததா என்று கேட்டேன். ஆமாம் என்றார். சேவல் போன பிறகும் ஒரு வாரத்துக்குப் பெட்டை இடும் முட்டையில் கரு இருக்கும். அதைச் சொல்லி முடிப்பதற்குள் பாவாயி உள்ளே போய்விட்டார். மகனுக்குக் கொடுக்க மணல் சட்டியில் சேர்த்து வைத்திருந்த முட்டைகளை முந்தானையில் ஏந்திக்கொண்டு வந்தார். பதினொன்று. மகனுக்கு வேண்டாமா என்றேன். "எடுத்துக்கங்க சாமி. நான் நேந்துக்கிட்டது சேவலத்தான். முட்டைய நேரலீங்க."

மடியில்

முட்டைகளை உமியில் புதைத்து, பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் பாத்திரத்தைத் தூக்கிப் பிடித்தேன். பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து இடம் கொடுத்தார். கண்டக்டர் எட்டிப் பார்த்தார். டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, பஸ் முழுவதும் கேட்கிற மாதிரி சொன்னார்: "நாமக்கல்லுக்கே முட்டை கொண்டுட்டுப் போற ஆளை இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்."

பங்கு

மிஞ்சிய நான்கு பெட்டைகளில் ஒன்று அடைக்கு உட்கார்ந்திருந்தது. அதன் கீழ் வைத்தேன். ஏழு பொரித்தன. எது பெட்டை, எது சேவல் என்று தெரியும்வரை நான் யாரிடமும் பேசவில்லை. எப்போதும் பேசுகிறவன் மாதிரி இதைச் சொல்கிறேன். மூன்று சேவல்கள். இரண்டு கீரி நிறம், ஒன்று கறுப்பு. முதல் கூவல் தகர டப்பாவைத் தேய்த்த மாதிரி இருந்தது. மனைவி நொய்யை அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

வாரக் கணக்குப்படி பாதி பாவாயிக்கு. மகனைக் கூட்டிக்கொண்டு அவரே வந்தார். அவன் ஊன்றுகோல் இல்லாமல் வந்தான். அவர் பங்குப் பெட்டைகளைக் கூடையில் வைத்துவிட்டு, கீரிச் சேவல்களில் ஒன்றைப் பிடித்து அவர் கையில் கொடுத்தேன். பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன். நான் சொல்லாமல் விட்டது அவருக்குப் புரிந்துவிட்டது. சேவலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சொன்னார்: "இதை யாருக்கும் நேர மாட்டேனுங்க. ஆனா உசுருக்கு ஒண்ணுன்னு வந்துட்டா, அப்ப எம் பேச்ச நம்பாதீங்க சாமி."

அதனால்தான் கறுப்புச் சேவலை வாரத்துக்கு விட, பக்கத்தில் கோயில் எதுவும் இல்லாத வீடாகத் தேடிக்கொண்டிருக்கிறேன், இந்தப் பக்கத்தில் அப்படி ஒன்று இன்னும் அகப்படவில்லை.