முற்றத்தில் காய வைத்த கூடாரம்

அண்ணர் இல்லாமல் ஓர் ஆண்டு ஓடிவிட்டது. ஆட்டைத் திவசத்துக்கு வந்து எங்கள் வீட்டில் கைநனைத்தவர்களுக்கும், சண்டையில் பாதை பூட்டியதால் வரமுடியாமற்போனவர்களுக்கும் இந்த மலரைத் தருகிறோம். படித்தவர்கள் இருக்க என்னை எழுதச் சொன்னார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எதையாவது பிழையாக எழுதிவிடுவேனோ என்ற பயத்தில் பல தரம் கிழித்துக் கிழித்து எழுதினேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணர் பிறந்தது அம்மாவின் ஊரான உடுப்பிட்டியில். வளர்ந்தது அரியாலையில். ஐயா வேளைக்கே கண்மூடியதால் மீசை அரும்பமுதலே மேசன் வேலைக்குப் போனார். என்னைக் கட்டிக்கொடுத்த பிறகும் தனக்கென்று ஒரு பெண் பார்க்க விடவில்லை. எங்களோடேயே இருந்தார். கோபம் வந்தால் ஏசமாட்டார். கிணற்றடிக்குப் போய் வாளியைச் சத்தமாகப் போடுவார், அவ்வளவுதான்.

சீமெந்து வரத்து நின்றதும் அவருக்கு வேலையும் நின்றது. அந்தக் காலத்தில்தான் கூடாரம் வந்தது. பள்ளிக்கூடத்தில் இருந்த அகதிகளுக்கு மருந்து கொடுத்த வெளிநாட்டுக்காரர் திரும்பும்போது அதை ஊருக்கு விட்டுப்போனார்கள். மடித்தால் ஒரு கட்டு இரும்புக் கம்பி. விரித்தால் ஒரு செத்தவீட்டுச் சனம் முழுவதும் இருக்கலாம். நாலு மூலையையும் நாலு பேர் பிடித்து, ஒரே நேரத்தில் பின்பக்கமாக நடக்கவேண்டும். கம்பிகள் கத்தரிக்கோல் மாதிரி விரிய, வெள்ளைக் கூரை தானாக எழும்பும். ஒருவர் முந்தினாலும் கம்பி முறுகிவிடும். அண்ணர் நடுவில் நின்று நடத்துவார்.

"இப்ப... மெதுவா... ஆரடா அவசரப்படுறது, பொம்பிளை பாக்கவோ போறாய்?"

பிறகு கால்களில் கல்லுக் கட்டி, குண்டு போட வரும் பொம்மர் காணாதபடி கூரைக்கு மேலே தென்னோலை பரப்புவார்.

பந்தல் போடும் மரமும் கிடுகும், செல்லுக்கும் குண்டுக்கும் பதுங்கும் பங்கருக்குப் போய்விட்ட காலம் அது. ஆனாலும் கலியாணத்துக்கு ஒருவரும் அதைக் கேட்கவில்லை. கன்னிக்கால் நட இடமில்லாத பந்தல் அல்லவா. ஒரு பெண்ணின் தாய் நேரே சொன்னார்: "மண்ணிலை ஊண்டாத பந்தலுக்குக் கீழை என்ரை பிள்ளைக்குத் தாலி ஏறாது அண்ணை." ஆகவே அது செத்தவீட்டுக்கு மட்டும் என்றாகிவிட்டது. அதற்குக் கீழே வெயில் வடிந்துதான் விழும். நிழலும் இல்லை, வெளிச்சமும் இல்லை. எல்லார் முகமும் ஒரே சாம்பல் நிறம். படுத்திருப்பவரையும் பக்கத்தில் இருப்பவர்களையும் பிரித்தறிய எனக்கு ஒரு கணம் பிடிக்கும். நாளடைவில் சனம் வழி கேட்பதையும் விட்டது. எந்த வளவுக்குள் வெள்ளை தெரிகிறதோ அதற்குள் நுழைந்தார்கள்.

அது எங்கள் மாட்டுக்கொட்டிலில் கிடந்தது. ஊரில் ஒரு சாவு விழ முதல்நாள் அந்தக் கம்பிகள் கிறீச்சிடும் என்று நான் சொல்வேன்.

"இரும்பு வெயிலுக்கு விரியும், குளிருக்குச் சுருங்கும். உன்ரை நெஞ்சு மாதிரித்தான் தங்கச்சி, சும்மா சத்தம் போடும்" என்பார் அண்ணர்.

என் கணவர் கிளாலிக் கடலால் சாமான் எடுக்கப் போனவர் திரும்பி வரவில்லை. அவர் ஏறிய வள்ளம் கரை சேரவில்லை என்றார்கள் சிலர். வேறு வள்ளத்தில் ஏறக் கண்டோம் என்றார்கள் சிலர். கிரியையைச் செய்து முடி, பொட்டை அழி என்று உறவுக்குள் கதை எழும்பியது. நான் மறுத்தேன். என் பக்கம் நின்றவர் அண்ணர் ஒருவர்தான். "கண்டவன் வந்து சொல்லட்டும்" என்று அவர்களின் வாயை அடைத்தார்.

அந்த மாரியில், ஒரு செத்தவீட்டில் நனைந்த கூடாரத்தை ஈரத்தோடு மடித்துக் கொண்டுவந்து வைத்தார்கள். மறுநாள் காலை மப்பாக இருந்து, பிறகு வெயில் எறித்தது. துணி பூஞ்சணம் பிடித்துவிடும் என்று அண்ணர் அயலவரைக் கூப்பிட்டு, முதல்தடவையாக எங்கள் முற்றத்தில் அதை விரித்தார். நான் வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். "காஞ்சவுடனை மடிச்சுப்போடுவன்" என்றார். காற்று இல்லை. ஆனாலும் துணி, நித்திரையில் இருப்பவரின் நெஞ்சு மாதிரி ஏறி இறங்கியது.

சனம் வரத் தொடங்கியது. முதலில் அயல். கூடாரத்துக்குக் கீழே வாங்குகளை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். மத்தியானம், மண்ணெண்ணெயில் ஓடுகிற வான் வண்டியில் உடுப்பிட்டி மாமி வெள்ளைச் சேலையோடு வந்து இறங்கினார்.

"என்ரை ராசாத்தி, கடைசியிலை இப்பிடியோ வந்து சேந்தவன்" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார். என் கைகள் தாமாகவே அவர் தோளில் விழுந்தன. வாங்கில் இருந்தவர்கள் எல்லாம் அதே சாம்பல் முகத்தோடு என்னைப் பார்த்தார்கள். நானும் அழுதேன். எனக்குத் தெரியாத செய்தி இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்றே நம்பிவிட்டேன்.

அண்ணர் ஓடிவந்தார். "மாமி, ஒருத்தரும் சாகேல்லை. துணி காயப்போட்டனான்."

மாமி கையை எடுத்தார். "அப்ப விடியவெள்ளண வந்து சொன்ன ஆள்?"

"எந்த ஆள்?"

"சைக்கிளிலை வந்தவர். படலையடியிலை நிண்டு, அரியாலையிலை உங்கடை வீட்டிலை செத்தவீடு எண்டவர். ஆர் எண்டு கேக்கமுதல் போயிட்டார். நீங்கள் விட்ட ஆள் எண்டெல்லோ நினைச்சம்."

விடியற்காலையில் கூடாரம் கொட்டிலுக்குள் மடிந்து கிடந்தது. அதை விரிக்கும் எண்ணம்கூட அப்போது அண்ணருக்கு இல்லை.

செத்தவீட்டுக்கு வந்தவர் 'போய்விட்டு வருகிறேன்' என்று சொல்லிக்கொண்டு போவதில்லை என்பது எங்கள் வழக்கம். அதன்படியே ஒவ்வொருவராக எழும்பி, தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள். அண்ணர் போய் வாசல் படலையை மறித்து நின்றார்.

"போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ. இது செத்தவீடு இல்லை."

தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். மாமி மட்டும் நின்றார். "இழவு சொல்லி வந்தாச்சு தம்பி. சொன்னது வெறுங்கையோடை திரும்பாது. அவனுக்கு எண்டு வைச்சுச் செய்யவேண்டியதைச் செய்துபோடுங்கோ."

அண்ணர் சிரித்தார். "வந்த ஆள் பேர் சொல்லேல்லையே மாமி, அதை ஏன் அவரிலை போடுறியள்? ஒரு பேர் வேணுமெண்டால் என்னைப் போடுங்கோ. எனக்கென்ன, மனிசி பிள்ளையே இருக்கு?"

"வாயைக் கழுவடா."

பிறகு மாமி என்னைப் பார்த்து, "போட்டு வாறன் பிள்ளை" என்றார். அண்ணரைப் பார்த்துச் சொல்லவில்லை.

மாரி முடியமுதல் அண்ணருக்குக் காய்ச்சல் கண்டது. மருந்து தட்டுப்பாடான நேரம். கிடைத்ததைக் கொடுத்தோம். கடைசி நாட்களில் கண்ணை மூடியபடியே குதிகால்களைப் பாயில் பின்னுக்குப் பின்னுக்கு அரைத்துக்கொண்டிருந்தார். "மெதுவா... மெதுவா" என்று யாருக்கோ சொன்னார். ஒருமுறை தெளிந்து என்னைப் பார்த்து, "பொட்டை அழிச்சுப்போடாதை" என்றார். பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை.

அண்ணர் தன் பெயரைக் கொடுத்துவிட்டார் என்று ஊரில் கதைக்கிறார்கள். காய்ச்சல் என்றுதான் நான் சொல்கிறேன். ஆனால் அந்தச் சைக்கிள்காரர் யாரென்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. காலையில் எழும்பினால் முதலில் படலையைத்தான் பார்க்கிறேன்.

எங்கள் துயரில் பங்குகொண்டவர்களை மறக்கமாட்டோம். காய்ச்சலோடு போராடிய நாட்களில் சைக்கிளில் வந்து பார்த்த டொக்டர் ஐயாவுக்கும், செல்லடிக்கு நடுவிலும் செம்மணிச் சுடலைவரை கூட வந்தவர்களுக்கும், எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு முடியும்வரை எங்கள் அடுப்படியில் நின்ற உடுப்பிட்டி மாமிக்கும் எங்கள் நன்றி. மச்சான் முறையில் பாடைக்குத் தோள் கொடுக்கவேண்டியவர் ஊரில் இல்லாததால் அயல்வீட்டவர் அந்த இடத்தில் நின்றார். அவருக்கும் நன்றி.

கடைசிப் பக்கத்தில் உள்ள குடும்பத்தினர் பெயர்களில் என் கணவரின் பெயரையும் போடச் சொன்னேன். அச்சுக்கூடத்துத் தம்பி, "முன்னுக்கு அமரர் எண்டு போடவோ அக்கா?" என்று கேட்டார்.

போடவேண்டாம் என்றேன். அவருக்குரிய மலரை எடுத்து வைத்திருக்கிறேன்.

தங்கை