சீட்டு வேண்டாத மாத்திரை

தென்காசியில் நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பெண் வந்து, ஆண்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போகும்வரை பேசாமல் நின்றால், கடைக்கார அண்ணாச்சி போன் பேசுகிற மாதிரி உள்ளே போய்விடுவார். இதற்காகவேதான் என்னை வேலைக்கு வைத்தார். "பொம்பளப் பிள்ளை நின்னாத்தாம்மா பொம்பளைங்க கூச்சமில்லாம கேப்பாங்க" என்று சேர்ந்த அன்றே சொன்னார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது எனக்கே எரிச்சல் வருகிறது.

அப்படி வந்து நின்றவர்களில் ஒருத்தி, பக்கத்து ஊரான கடையத்துக்காரி. பக்கத்துத் தெரு ஜவுளிக் கடையில் சேலை எடுத்துப்போடும் வேலையில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். ஒரு பையன் பள்ளிக்கூடம் போகிறான் என்பது தெரியும். அவனுக்குச் சளி மருந்து வாங்க வருவாள். அன்று கடையில் ஆள் இல்லை என்றானதும் கண்ணாடி அலமாரிமேல் குனிந்து கேட்டாள்.

"அக்கா, நேத்து கவனமில்லாம போச்சு. பிள்ளை தங்காம இருக்க ஒரு மாத்திரை உண்டாம்லா. இருக்கா?"

"அது கலைக்கிற மாத்திரைம்மா. டாக்டர் சீட்டு இல்லாம தரக்கூடாது."

"இப்பத்தானக்கா வேலைக்குச் சேர்ந்திருக்கேன். வயித்தத் தள்ளிக்கிட்டு நின்னா அனுப்பிருவாங்க."

"அதுக்கு நான் என்ன செய்ய? முன்னாலயே யோசிச்சிருக்கணும்லா."

அந்தக் கடைசி வாக்கியத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நரம்பில்லாத நாக்கு, தானாக வந்துவிட்டது. அவள் தலையை ஆட்டினாள். வெறுங்கையோடு போகக் கூச்சப்பட்டு ஒரு இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு போனாள்.

நான் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பியிருந்தேன், அதுதான் கேவலம். கருவைக் கலைக்கும் மாத்திரைக்கு அதிகாரிகள் வந்து ஒவ்வொரு பெட்டிக்கும் கணக்குக் கேட்பார்கள். அந்தப் பயத்தில் இந்த ஒற்றை மாத்திரையையும் அதோடு சேர்த்து, கடைக்கே வாங்காமல் விட்டுவிட்டோம். "ரெண்டும் ஒண்ணுதாம்மா, வம்பு எதுக்கு?" என்பார் அண்ணாச்சி. பார்மசி படித்துப் பரீட்சை எழுதித் தேறிய நானும் ஆமாம் போட்டேன். ஒருநாள்கூடப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை.

இதே கடையில், கோயில் கொடைத் திருவிழா வந்தால் மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரைக்குப் பெண்கள் வருவார்கள். "எத்தனை நாளைக்கு வேணும்?" என்று சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பேன். உண்மையில் டாக்டர் சீட்டு வேண்டியது அதற்குத்தான். சாமி காரியமாயிற்றே என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

சில மாதம் கழித்து அவள் இரும்புச்சத்து மாத்திரைக்கு வந்தாள். வயிறு தெரிந்தது. வேலை போய்விட்டது என்றாள். டீ குடித்த கையோடு மாத்திரையைப் போடாதே, சத்து ஒட்டாது என்று நான் புத்தி சொன்னேன். "சரிக்கா" என்று வாங்கிக்கொண்டு போனாள். அவ்வளவுதான், நான் மறந்துவிட்டேன்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். என் வீட்டுக்காரர் துபாயில் வண்டி ஓட்டுகிறார். அடுத்த வருடம் லீவில் வந்திருந்தார். என் சின்ன மகள் ஆபரேஷனில் பிறந்தவள், அப்போது அவளுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. உடனே அடுத்தது தங்கினால் தையல் தாங்காது, இரண்டு வருடமாவது போகட்டும் என்று பிரசவம் பார்த்த டாக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார். சொல்லி என்ன? எங்களுக்கும் ஒரு நாள் கவனமில்லாமல்தான் போனது.

"நீ மெடிக்கல்லதான வேலை பாக்க? எடுத்துப் போட வேண்டியதுதான?" என்றார் வீட்டுக்காரர்.

எங்கே எடுக்க? எங்கள் கடையில் கிடையாது. வரவழைத்தால் பெட்டியைப் பிரிப்பது அண்ணாச்சி. யாருக்கு என்று கேட்பார். டாக்டரம்மாவிடம் போகவும் பயம், திட்டுவார். குற்றாலத்தில் சீசன் நேரம், லாட்ஜுக்கு வெளியூர் ஜோடிகள் வருவார்கள், அங்கே கட்டாயம் வைத்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டு, சாரலில் நனைந்துகொண்டே பைக்கில் போனோம். அவர் சிப்ஸ் கடைப் பக்கம் ஒதுங்கிக்கொண்டார். மருந்துக் கடையில் ஈரத் துண்டோடு ஆண்கள் தைலமும் காதுக்குச் சொட்டு மருந்தும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகும்வரை நான் நின்றேன். பிறகு கடைக்காரரிடம் மாத்திரையின் பெயரைச் சொன்னேன்.

"அது கலைக்கிற மாத்திரைம்மா. சீட்டு இருக்கா?"

"நானும் பார்மசிஸ்ட்தான் அண்ணாச்சி."

"அப்போ உங்களுக்கே தெரியும்லா" என்றார், ரொம்ப மரியாதையாக.

வெறுங்கையோடு திரும்ப வெட்கமாக இருந்தது. இருமல் மிட்டாய் ஒன்று வாங்கினேன். வெளியே வந்து அதன் தாளைப் பிரித்து வாயில் போட்டபோதுதான் அந்தக் கடையத்துக்காரியின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. மிட்டாயைத் துப்பிவிட்டேன்.

அங்கேயே நின்று டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "பார்மசி படிச்சிருக்க, இதுக்குச் சீட்டே வேண்டாம்னு தெரியாதா?" என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். "இது கலைக்காதும்மா. கரு உருவாகாம தடுக்கும். மூணு நாளைக்குள்ள போடலாம், ஆனா தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறையும். இப்பவே கிளினிக்குக்கு வா, தருதேன்."

போய் வாங்கிப் போட்டேன். மாதவிலக்கு வந்தபோது குளியலறையில் நின்று அழுதேன். அழுகையில் பாதிதான் நிம்மதி. எனக்குத் திட்டுவதற்காவது ஒரு டாக்டர் இருந்தார். அவளுக்கு நான் மட்டும்தான் இருந்தேன், நான் இருமல் மிட்டாய் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாளே அண்ணாச்சியிடம் அந்த மாத்திரையை வாங்கி வைக்கச் சொன்னேன். "இன்ஸ்பெக்டர் வந்து கேட்டா?" என்று இழுத்தார். "வரட்டும், நான் பதில் சொல்லுதேன்" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே வாங்கினார்.

போன வாரம் அவள் வந்தாள், இடுப்பில் பெண் குழந்தை. காய்ச்சலுக்கு சிரப் கேட்டாள். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பைச் சாக்காக வைத்து நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் மனது கேட்கவில்லை.

"அந்த மாத்திரை இப்ப நம்ம கடையிலயே இருக்கும்மா. எப்ப வேணும்னாலும் வந்து கேளு. சீட்டு வேண்டாம்."

குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"அன்னைக்கும் வேண்டாமாக்கா?"

இப்போதுதான் சட்டத்தை மாற்றினார்கள் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. சொன்னால் நம்பியிருப்பாள்.

"வேண்டாம்" என்றேன்.

அவள் திட்டவில்லை. குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். சிரப் பாட்டிலைக் கையில் எடுத்து, பிறகு என் பக்கமே திருப்பி நீட்டினாள்.

"இவளுக்கு எவ்வளவு கொடுக்கணும்? நல்லாப் படிச்சுப் பாத்துச் சொல்லுங்கக்கா."

தினமும் நான் மனப்பாடமாகச் சொல்லும் அளவுதான். இருந்தாலும் குழந்தையை எடை பார்த்தேன், பாட்டிலில் அச்சடித்திருந்ததை அவள் முன்னாலேயே வரி வரியாகப் படித்தேன், அதற்குப் பிறகுதான் சொன்னேன்.