ஒரே பக்கமாக முறுகிய ஒயர்

எங்கள் கூடத்தின் கூரை நடுவில் ஒரே ஒரு கொக்கிதான் இருந்தது. அதில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. சித்திரை மாதத்தில் அந்த ஃபேனைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு அதே கொக்கியில் ஒரு ஒயரைத் தொங்கவிடப்போகிறேன் என்று சொன்னபோது, அப்பா ஃபேனையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அதுல காத்து வருமா?"

"வராதுப்பா."

"சரி" என்று சொல்லிவிட்டு வேர்க்கடலை மூட்டைகளைச் சுவரோரமாக நகர்த்தப் போனார்.

நான் படித்தவன் என்பதால் வீட்டில் என்னிடம் அதிகம் கேட்க மாட்டார்கள். அப்பா கையெழுத்து மட்டும் போடுவார். அம்மாவுக்கு அதுவும் வராது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்தவன் நான்தான். அதற்கு மேல் இன்ஜினியரிங்கும் முடித்தேன். முடித்து ஒரு வருடம் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோர வீட்டில், சும்மா இருந்தேன். அம்மா பாதையில் அவித்த கடலை விற்பாள். வாங்குகிறவர்களிடம் "பையன் கம்ப்யூட்டர் வேலைங்க" என்பாள். பையன் உள்ளே கடலை கழுவிக்கொண்டிருப்பான்.

அப்போதுதான் சென்னையில் ஒரு சின்ன கம்பெனி எனக்கு ஒரு மாத சோதனை வேலை கொடுத்தது. கிடங்குகளில் வேலை செய்கிறவர்களுக்குத் தீ விபத்துப் பயிற்சி. விஆர் ஹெட்செட் என்று ஒன்று, கண்ணை முழுசாக மூடுகிற மாதிரி தலையில் மாட்டிக்கொள்வது. மாட்டினால் நம் கூடம் மறைந்து கிடங்கு தெரியும். நாம் நடந்தால் அதற்குள் நடப்போம். பயிற்சியை நான் செய்ய வேண்டும். மாதக் கடைசி சனிக்கிழமை, கம்ப்யூட்டர் பழக்கமே இல்லாத மூன்று பேர் அதைப் போட்டு நடப்பதை கம்பெனி மேடம் வீடியோ காலில் பார்ப்பார். நடுவில் படம் நிற்கக்கூடாது. நல்லபடியாக முடிந்தால் நிரந்தர வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம். இல்லையென்றால் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு ஓசூருக்குப் போய் ஏதாவது தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்க வேண்டியதுதான்.

அவர்கள் அனுப்பிய ஹெட்செட் பழையது, ஒயர் வைத்தது. பின்மண்டையிலிருந்து கம்ப்யூட்டர் வரை ஐந்து மீட்டர் ஒயர். முதல் நாள் அதைத் தரையில் விட்டேன். அம்மா இரண்டு எட்டு வைத்தாள், மூன்றாவது எட்டில் கடலை மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அடிபடவில்லை. "கிடங்குல மூட்டை மெத்துனு இருக்குதுப்பா, நல்லா பண்ணியிருக்க" என்றாள்.

அதனால் ஒயரை மேலே ஏற்ற முடிவு செய்தேன். வேங்கிக்காலில் இருக்கிற அக்கா வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். ஞாயிற்றுக்கிழமை டிரில்லிங் மிஷினோடு வந்தார்.

"இன்னா மச்சான், வூட்டுக்குள்ள டவர் லைன் இழுக்கறியா?"

"தலைக்கு மேல ஒயர் போகணும் மாமா. நடக்கும்போது கூடவே வரணும், நின்னா மேலே ஏறிக்கணும்."

"மாடு கட்டற மாதிரி."

"கிட்டத்தட்ட."

கம்ப்யூட்டர் இருக்கிற மூலையிலிருந்து நடுக்கூரை வரை இரண்டு புதுக் கொக்கி அடித்தார். ஜன்னல் திரை மாட்டுகிற ஸ்பிரிங்கைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு துண்டைத் தொங்கவிட்டு, அதன் நுனியில் ஒயரை பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டினோம். மாட்டியவர் தள்ளிப் போனால் ஸ்பிரிங் நீளும், திரும்பி வந்தால் சுருங்கும். தரையில் ஒயரே இல்லை. மாமா ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு அங்கேயும் இங்கேயும் நடந்தார். "அருமை மச்சான். ஒண்ணுமே இல்லாத இடத்துல ஒயரிங் பண்ணிட்டேன்" என்றார்.

கிடங்கை நான் இப்படிச் செய்திருந்தேன். நடுவில் சதுரமாக ஒரு அலமாரி, நாலு பக்கமும் பெட்டிகள். மாட்டியவர் அதைப் பத்து சுற்று சுற்றி, சுற்றுக்கு ஒரு பெட்டியைத் தொட்டுச் சரிபார்க்க வேண்டும். பத்தாவது சுற்று முடிந்ததும் தீப்பிடிக்கும். கதவு வழியாக வெளியே போக வேண்டும். அவ்வளவுதான். கம்பெனி கொடுத்த வரைபடம், கீழ்பென்னாத்தூர் பக்கம் கட்டப்போகிற நிஜக் கிடங்கினுடையது. நான் நாலைந்து சுற்றுக்கு மேல் சோதித்துப் பார்க்கவில்லை. மற்றதெல்லாம் அதேதானே என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை அம்மா ஒன்பதாவது சுற்றில் நின்றுவிட்டாள்.

"யாரோ பின்னாடி கொண்டைய புடிச்சி இழுக்கறாங்கப்பா."

பார்த்தால் ஒயர் சடை பின்னின மாதிரி முறுகி, பாதி நீளத்துக்குச் சுருங்கி, அவளைக் கூரைப் பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. அடுத்த எட்டில் பிளக் பிடுங்கிக்கொண்டது. படம் இருண்டது. "கரண்ட் போச்சு" என்று அம்மா பொறுமையாகச் சொல்லிவிட்டு அப்படியே நின்றாள்.

மாமாவுக்குப் போன் செய்தேன். நடுக் கொக்கியில் ஸ்பிரிங் சரியில்லை என்றார். ஸ்பிரிங்கை மாற்றினேன். செவ்வாய்க்கிழமை அப்பாவுக்கும் அதே ஒன்பதாவது சுற்று. டேக் இறுக்கம் ஜாஸ்தி என்றார் மாமா. தளர்த்தினேன். புதன்கிழமை அவரே வந்து போட்டுக்கொண்டார். ஒன்பதாவது சுற்றில் அவர் தலையும் பின்னால் போனது. "இது நம்ம வேலையில தப்பு இல்ல மச்சான், உன் ஒயரே மட்டம்" என்று கொக்கிகளை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

ஸ்டூல்மேல் ஏறி முறுக்கைப் பிரிக்க ஆரம்பித்தேன். ஹெட்செட்டை விட்டால் அது தானாகச் சுழன்று பிரியும். மூன்று நாளும் அது ஒரே பக்கமாகத்தான் சுழன்றது என்பது அப்போதுதான் உறைத்தது. மறுநாள் பௌர்ணமி. ஜன்னலுக்கு வெளியே முன்கூட்டியே கிரிவலம் போகிறவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு ஆள்கூட எதிர்த்திசையில் வரவில்லை. இதை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். ஸ்டூல்மேல் நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை.

நடுவில் ஒன்றை வைத்து அதைச் சுற்று என்று சொன்னால் எங்கள் ஊரில் வலமாகத்தான் சுற்றுவார்கள். பெட்டி அலமாரியாக இருந்தாலும் சரி. நானும் அப்படித்தான் சுற்றியிருக்கிறேன். சுற்றுக்கு ஒரு முறுக்கு. ஒன்பதாவது முறுக்கை ஒயர் தாங்காது.

சாயங்காலம் அம்மாவிடமும் அப்பாவிடமும் பேசினேன்.

"அஞ்சு சுத்து இந்தப் பக்கம், அஞ்சு சுத்து அந்தப் பக்கம் போனா போதும்."

"அந்தப் பக்கம்னா?"

"இடப்பக்கமா."

அம்மா கடலையைக் கிளறிக்கொண்டே, "நான் மாட்டேம்பா" என்றாள்.

"அது அலமாரிம்மா. வெறும் படம்."

"படம்தானே, அப்ப ஒயர மாத்து."

அப்பா சொன்னார். "எங்கப்பாவுக்குக் கொள்ளி வச்ச அன்னிக்குதான்டா நான் இடமா சுத்தினேன். உன் வேலைக்காக வேணும்னா சொல்லு, சுத்தறேன். ஆனா சொல்லாத."

நான் சொல்லவில்லை.

அன்று படுக்கப்போகும் முன் வழி கிடைத்தது. ஆள் இடமாகச் சுற்ற வேண்டியதில்லை, ஒயரை முன்பே இடமாக முறுக்கி வைத்துவிடலாம். ஆறு முறுக்கு எதிர்ப்பக்கம் போட்டு வைத்தால், ஆறாவது சுற்றில் எல்லாம் பிரிந்துவிடும், பத்தாவது சுற்றில் நாலு முறுக்குதான் இருக்கும். வெள்ளிக்கிழமை அம்மாவை வைத்துப் பத்து சுற்றும் பார்த்தேன். இழுக்கவே இல்லை. ஃபேன் இல்லாத கூடத்தில் பதினோரு மணி வெக்கைக்குப் பயந்து தீப்பிடிக்கும் பகுதியை மட்டும் விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை போனை ஜன்னல் கம்பியில் கட்டி வைத்தேன். மேடம் திரையில் வந்தார். வணக்கம் சொன்ன கையோடு நான் ஹெட்செட்டைத் தூக்கி ஆறு தடவை பம்பரம் மாதிரிச் சுழற்றினேன்.

"என்ன பண்றீங்க?"

"ஒயருக்கு எதிர் முறுக்கு மேடம். இவங்க எல்லாரும் வலப்பக்கமாத்தான் சுத்துவாங்க."

"அது எப்படி முன்னாடியே தெரியும்?"

"திருவண்ணாமலை மேடம்."

அவர் எதையோ எழுதிக்கொண்டார்.

அம்மா பத்து சுற்றும் முடித்தாள். ஒயர் அவள் தலைக்கு மேல் சாதுவாகத் தொங்கியது. தீப்பிடித்தது. கதவு அவளுக்கு இடது கைப் பக்கம், நாலே எட்டில். மேலே பச்சை விளக்குப் பலகையும் இருந்தது. அம்மா வலது பக்கம் திரும்பி, அலமாரியை நிதானமாக இன்னொரு முழுச் சுற்று சுற்றிக்கொண்டு கதவை நோக்கி வந்தாள். அதற்குள் புகை நிறைந்து படம் சிவப்பானது. பெரிய எழுத்தில், நானே எழுதி வைத்திருந்த வாக்கியம் வந்தது: தொழிலாளி உயிரிழந்தார்.

"இன்னாப்பா எழுதியிருக்குது? பாஸா?"

கூடத்தில் படிக்கத் தெரிந்தவர்கள் நானும் மாமாவும்தான். மாமா கூரையைப் பார்த்தார்.

"செத்துட்டம்மா."

"ஐயையோ" என்று சொல்லி அம்மா ஹெட்செட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஒவ்வொருவருக்கும் முன்னால் ஒயரைப் பிரித்து ஆறு எதிர் முறுக்கைப் புதிதாகப் போட்டேன். அடுத்து அப்பா. பத்து சுற்று முடிந்து தீப்பிடித்ததும் அவர் வலமும் போகவில்லை, இடமும் போகவில்லை. அலமாரிக்குள்ளேயே நேராக நடந்து அந்தப் பக்கம் போய், சுவரையும் தாண்டி நின்றார். "படம்தானேடா" என்றார். கம்ப்யூட்டர் யோசித்துவிட்டு அவர் தப்பித்ததாக அறிவித்தது.

மாமா கடைசி. அம்மா செத்ததைப் பார்த்து மனம் கேட்காமல், எனக்கு உதவி செய்வதாக நினைத்து, என்னிடம் சொல்லாமலேயே இடமாகச் சுற்ற ஆரம்பித்தார். ஆறு எதிர் முறுக்கு ஏற்கெனவே இருந்தது. மூன்றாவது சுற்றிலேயே பிளக் பிடுங்கிக்கொண்டது.

"கரண்ட் போச்சு மச்சான்."

"போகல மாமா."

மேடம் எழுதியதைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "கதவைப் பார்க்காம உங்கம்மா ஏன் சுத்திட்டு வந்தாங்க?" என்று கேட்டார். கதவை வலது பக்கம் மாற்றிவிடுகிறேன் என்று சொல்லலாம் என நாக்கு வரை வந்தது. மாற்றினால் எல்லாரும் பிழைத்துவிடுவார்கள், எனக்கும் வேலை கிடைத்துவிடும். ஆனால் கீழ்பென்னாத்தூரில் கட்டுகிற கிடங்கில் கதவு இடது பக்கம்தான் இருக்கப்போகிறது. அங்கே வேலைக்குப் போகிறவர்களும் அம்மா மாதிரிதான். அதைச் சொன்னேன். கதவை மாற்றக்கூடாது மேடம் என்றும் சொன்னேன்.

"அப்ப புதன்கிழமைக்குள்ள உங்கம்மாவை உயிரோட வெளிய கொண்டு வாங்க. அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டார்.

ஞாயிறு முழுக்க அம்பு வரைந்தேன். சிவப்பு அம்பு, மின்னுகிற அம்பு, தரையில் அம்பு. அம்மா எல்லா அம்பையும் பார்த்துவிட்டு வலமாகப் போய்ச் செத்தாள். பச்சைப் பலகையில் ஓடுகிற மனிதனைக் காட்டினேன். "அவன் ஓடறான். எங்க ஓடறான்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றாள். திங்கட்கிழமை மூன்று தடவை செத்தாள். மூன்றாவது தடவை கொஞ்சம் கோபத்தோடு செத்தாள்.

கடைசியில் எரிச்சலில் கேட்டேன். "கோயில்ல கூட்டம் நெரிஞ்சா நீ எப்படிம்மா வெளிய வருவ?"

"வந்த வழியே வருவேன். வேற எப்படி?"

"இங்க ஏன் வரல?"

"இங்க நான் எங்க வந்தேன்? கண்ண தொறந்தா நடுவுல நிக்கறேன். நீதானே கொண்டாந்து வுட்ட."

நான் போய்க் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தேன். உண்மைதான். என் பயிற்சி, ஆளைக் கிடங்கின் உள்ளே நிற்க வைத்துத்தான் தொடங்கியது. கதவைத் தாண்டி உள்ளே வராமல் யாரும் ஒரு கிடங்கில் நிற்பதில்லை. செவ்வாய்க்கிழமை முழுக்க உட்கார்ந்து தொடக்கத்தை மாற்றினேன். இப்போது மாட்டியவர் வெளியே நிற்பார், கதவைத் தள்ளுவார், உள்ளே வருவார், பிறகு சுற்றுவார். அம்புகளை எல்லாம் அழித்தேன்.

புதன்கிழமை காலை மேடம் மீண்டும் திரையில். ஒயருக்கு ஆறு எதிர் முறுக்கு. அம்மா கதவைத் தள்ளி உள்ளே போனாள், பத்து சுற்று வலமாகச் சுற்றினாள், பெட்டிகளைத் தொட்டாள். தீப்பிடித்தது. அவள் ஒரு நொடி நின்றாள். வலது பாதம் லேசாக எழும்பியது. நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். பாதம் அப்படியே இறங்கியது. அம்மா இடது பக்கம் திரும்பி நாலு எட்டு வைத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"இப்ப இன்னா எழுதியிருக்குது?"

"வெளிய வந்துட்டன்னு."

"அது எனக்கே தெரியுது" என்றாள்.

மேடம் அவளிடம் நேரடியாகக் கேட்டார். "இடப்பக்கம் போக மாட்டேன்னு சொன்னீங்களாமே, இப்ப போனீங்களே?"

"சுத்துனாதானுங்க வலம் இடம்லாம். இது வெளிய போறது."

அடுத்த வாரம் வேலைக்கான கடிதம் வந்தது. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் கடலை அண்டாவின் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இனிமே நான் அத போட்டுக்க வேணாமா?"

"எப்பவாவது வேண்டியிருக்கும்மா. அடுத்தது கேஸ் கசியறது."

"அதுல வெளிய போறதா, உள்ள இருக்கறதா?"

"வெளிய போறதும்மா."

"சரி. மொதல்ல கதவ காட்டிடு" என்று சொல்லிவிட்டு, அண்டாவின் இன்னொரு காதைப் பிடிக்கச் சொன்னாள்.