அண்ணன் தோற்ற பரீட்சை

சலூன்காரத் தம்பிக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். கத்தரி ஓய்ந்தாலும் வாய் ஓயாது. எப்படி வெட்டணும் என்று யாரையும் கேட்கிற வழக்கமும் அவனிடம் கிடையாது. "தலையைப் பார்த்தா தெரியாதா?" என்பான். பக்கத்து நாற்காலியில் வேலை செய்த அவன் அண்ணனோ, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பார். செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் ஒருவருக்கொருவர் முடி வெட்டிக்கொள்வார்கள். எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரனும் தன் பிடரியைத் தானே வழித்துக்கொள்ள முடியாதே.

சந்தை வியாபாரிகள் சங்கத்தில் செயலாளர் பதவிக்கு நின்று ரேடியோ ஒருமுறை தோற்றிருந்தான். ஜெயித்தவர் பூட்டு ரிப்பேர்க்காரர். அந்த வயிற்றெரிச்சலில்தான் இந்த யோசனை பிறந்தது.

"செயலாளருக்கு என்ன வேலைன்னே தெரியாதவங்க ஓட்டு போட்டா சங்கம் உருப்படுமா? விதி தெரிஞ்சவங்க மட்டும் போடட்டும்" என்றான் பொதுக்கூட்டத்தில்.

பேச்சில் அவனை யார் ஜெயிப்பது? கூட்டம் தலையாட்டியது. சங்க விதிகளிலிருந்து பத்துக் கேள்வி; கேள்விக்கு மூன்று விடை; சரியானதில் குறி போட வேண்டும். பாதி சரியென்றால் ஓட்டு உண்டு. படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள்.

அன்றிலிருந்து சலூன் பள்ளிக்கூடமாகிவிட்டது. விதிகளை ஒப்பித்துக்கொண்டேதான் ரேடியோ சவரம் செய்தான். கன்னத்தில் நுரையோடு உட்கார்ந்திருப்பவர் எங்கே எழுந்து ஓடுவது? சந்தைக்குச் சம்பந்தமே இல்லாத தபால்காரருக்குக்கூட விதிகள் மனப்பாடமாயின.

பரீட்சை நடந்தது. தள்ளுவண்டிக்காரர்களில் பாதிப்பேர் தேறவில்லை. எதிர்க்கடைக் காய்கறிக்கார அக்காவும் தேறவில்லை. அதற்குப் பிறகு அவர் சலூன் பக்கம் திரும்பிப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். ரேடியோவின் அண்ணனுக்குப் பத்துக்குப் பூஜ்யம்.

சந்தையே சிரித்தது. "ஊருக்குத்தான் உபதேசமா?" என்று கேட்டார்கள். பிறகு நடந்த தேர்தலில் பூட்டுக்காரரைத் தோற்கடித்து ரேடியோ ஜெயித்துவிட்டான். ஆனாலும் அவனுக்கு மானம் போய்விட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை, கடைக்கதவைச் சாத்திவிட்டு அவன் முதலில் உட்கார்ந்தான். அண்ணன் பின்னால் நின்று அவன் பிடரியில் கத்தி வைத்தார்.

"தினம் காது புளிக்கக் கேட்டீங்களேண்ணே. கண்ணை மூடிக்கிட்டு குறி போட்டிருந்தாக்கூட ரெண்டு மூணு சரியா வந்திருக்கும். பத்தும் எப்படித் தப்பாகும்?"

கேட்டு முடிப்பதற்குள் அவனுக்கே உறைத்தது. பத்தும் தெரிந்தவரால்தான் பத்தையும் தவறவிட முடியும்.

"வேணும்னே செஞ்சீங்களா?"

"ஆமா."

"ஏன்?"

கத்தி நிற்கவில்லை. "தேறியிருந்தா ஓட்டு போடணும். போட்டா பூட்டுக்காரருக்குத்தான் போட்டிருப்பேன். கூடப்பிறந்தவனுக்கு எதிரா போட மனசு வரல. உன் பரீட்சை நல்லதாப் போச்சு."

காய்கறிக்கார அக்கா திரும்பிப் பார்க்காததோ, சந்தை சிரித்ததோ ரேடியோவுக்கு இப்படி வலிக்கவில்லை. "நான் என்னண்ணே தப்பு செஞ்சேன்?"

"தப்பு ஒண்ணும் இல்லடா. பூட்டுக்காரர் கடை கடையா போய் என்ன வேணும்னு கேப்பார். நீ போற இடமெல்லாம் பேசுவே. கேட்டு நான் பார்த்ததில்ல. அசையாத, காது பத்திரம்."

கத்தி காதோரம் இருந்ததால் அவனால் திரும்பி அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எதிரே கண்ணாடியில் தெரிந்தது. அதில் கோபமே இல்லை. இருந்திருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும்.

முடிந்ததும் இடம் மாறினார்கள். அண்ணன் கழுத்தில் துணியைக் கட்டிக் கத்தரியை எடுத்தவன், அப்படியே நின்றான்.

"எப்படி வெட்டணும்ணே?"

அண்ணன் கண்ணாடிக்குள் அவனைப் பார்த்தார்.

"காதுக்கு மேல கொஞ்சம் விட்டு வெட்டு" என்றார். "இத்தனை வருஷமா ஒட்ட வெட்டிடுறே. எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது."